கன்றுமா, கறுக்குமா?

வேலூர்க் குடும்பம் ஒன்று மே மாதத்தில் நான்கு நாள் ஊட்டியில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே பாட்டி பிடித்துக்கொள்வார். "குளுகுளுன்னு இருக்கிற ஊருக்குப் போயிட்டு இப்படிக் கறுத்து வந்து நிக்கிறீங்களே!" பாட்டியின் வியப்பில் நியாயம் இருக்கிறது. வேலூரில் 42 டிகிரி கொளுத்தியபோது நிறம் மாறாத முகம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகுத்துறை வரிசையில் நின்றபோது மாறியிருக்கிறது.

வெயிலைப் பற்றிய பேச்சை அந்த வாசலில்தான் தொடங்க வேண்டும். சூட்டை உணரத் தோலில் நரம்பு முனைகள் உண்டு. புற ஊதாக் கதிரை உணர ஒன்றுமே இல்லை. அது தோலில் இறங்கி, வேலையை முடித்து, சில மணி நேரம் கழித்துத்தான் எரிச்சலாகவோ சிவப்பாகவோ தெரியவரும். கறுப்பு ஏறச் சில நாட்கள்கூட ஆகும். ஆகவே "இன்றைக்கு வெயில் அதிகமில்லை" என்று உடம்பு சொல்லும்போது அது வெப்பநிலையை மட்டுமே சொல்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிரின் வலு 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டரில். கடலோர ஊர் ஒன்றைவிட அங்கே ஏறத்தாழக் கால் பங்கு அதிகம். இதைவிட முக்கியமான காரணம் மனிதர்களின் நடத்தை. வேலூரில் மே மாத நண்பகலில் யாரும் காரணமில்லாமல் வெளியே நிற்பதில்லை; திண்ணையும் மின்விசிறியும் காப்பாற்றிவிடுகின்றன. ஊட்டியில் குளிர் இதமாக இருப்பதால் வெயில் தேடிப் போய் நிற்கிறார்கள்.

ஒருவருக்கு வெயிலால் எவ்வளவு கேடு வரும் என்று மதிப்பிட மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். வானிலிருந்து எவ்வளவு வருகிறது, அதில் அவர் மேல் எவ்வளவு விழுகிறது, விழுந்ததை அவருடைய தோல் என்ன செய்கிறது. முதலாவதைக் கருவி அளந்துவிடும். இரண்டாவதற்கு அவரவர் பிழைப்பைப் பார்க்க வேண்டும். மூன்றாவதில்தான் மருத்துவ உலகமே ஒருமுறை சறுக்கி விழுந்து எழுந்தது. அந்தக் கதையில் நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு ஒன்றும் வருகிறது.

அந்தச் சரக்கின் பெயர் கார்போகரிசி. நலங்குமாவு அரைக்கிற வீடுகளில் இன்றும் தெரிந்த பெயர். வெண்புள்ளி நோய்க்கு இதை உள்ளும் புறமும் கொடுத்து நோயாளியை வெயிலில் உட்காரவைப்பது இந்திய வைத்திய முறைகளில் மிகப் பழைய வழக்கம். எகிப்தில் வேறொரு செடியின் விதையை அதே நோய்க்கு அதே முறையில் கொடுத்துவந்தார்கள். 1940-களின் இறுதியில் கெய்ரோவின் தோல் மருத்துவர் எல் மொஃப்தி அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருளைக் கொண்டு சிகிச்சை செய்து காட்டினார். அந்த வேதிக் குடும்பத்துக்குச் 'சொராலன்' என்று பெயர். கார்போகரிசிச் செடியின் தாவரவியல் பெயரான சொராலியாவிலிருந்து பிறந்த பெயர் அது. சொராலனுக்கு ஒரு குணம் உண்டு. அது உடம்பில் இருக்கும்போது, தோல் வெயிலுக்குப் பல மடங்கு கூசும்.

இந்தக் குணத்தைச் சோரியாசிஸ் நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வர்டு மருத்துவர்கள் 1974-இல் அறிவித்தார்கள். மாத்திரையாகச் சொராலன், அதன்பின் விளக்குப் பெட்டிக்குள் நிற்கவைத்து அளந்து கொடுக்கும் புற ஊதாக் கதிர். அந்தக் கட்டுரையில் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர் இந்தியாவிலிருந்து போன மது பதக். இன்னொருவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், அத்துறையின் தலைவர்.

சிக்கல் அளவில் வந்தது. யாருக்கு எத்தனை நேரம் விளக்கு? முடியின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் பார்த்து முடிவு செய்தார்கள். கருமுடி, பழுப்புக் கண் என்றால் தோல் தாங்கும் என்று எண்ணி அதிகம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட சிலருக்குத்தான் தோல் வெந்து போயிற்று. வெளித்தோற்றம் கைவிட்ட பிறகு ஃபிட்ஸ்பாட்ரிக் ஓர் எளிய வழிக்குத் திரும்பினார்: நோயாளியையே கேட்பது. குளிர்காலம் முடிந்து முதன்முதலாக வெயிலில் நின்றால், மறுநாள் உங்கள் தோல் எவ்வளவு வலிக்கும்? ஒரு வாரம் கழித்து எவ்வளவு கறுத்திருக்கும்? 1975-இல் வெளியான இந்த இரண்டு கேள்விகள்தான் இன்று உலகெங்கும் தோல் மருத்துவமனைகளில் புழங்கும் 'ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகை'.

தமிழில் இதற்கென்று புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. வெயிலில் முகம் 'கன்றிவிட்டது' என்கிறோம், 'கறுத்துவிட்டது' என்கிறோம். இரண்டும் வேறு வேறு என்று யாருக்கும் விளக்க வேண்டாம். ஃபிட்ஸ்பாட்ரிக் கேட்டது இதைத்தான்: கன்றுமா, கறுக்குமா? எப்போதும் கன்றும், கறுக்கவே கறுக்காது என்றால் முதல் வகை. செம்முடியும் புள்ளி விழுந்த முகமுமாக அயர்லாந்தில் காணப்படுவோர் பலர் இதில் சேர்வார்கள். எளிதில் கன்றும், கொஞ்சம் கறுக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவதில் இரண்டும் மிதமாக நடக்கும். கொஞ்சம் கன்றும், நன்றாகக் கறுக்கும் என்பது நான்காவது. முதலில் வெள்ளையர்களுக்காக வகுத்தவை இந்த நான்கும்தான். பழுப்புத் தோலுக்கு ஐந்தையும் கருந்தோலுக்கு ஆறையும் பிறகு ஒட்டினார்கள்.

ஒட்டிய இடத்தில் தையல் தெரிகிறது. உலக மக்களில் பெரும்பாலோரின் தோலுக்கு இரண்டே பெட்டி. பாஸ்டன் மருத்துவமனைக்கு வரும் சிறுபான்மைக்கு நான்கு. 2015-இல் கைபேசியின் முகக்குறிகளுக்கு நிறம் கொடுக்க நினைத்த யூனிகோடு அமைப்பும் இதே அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டது. முதலிரண்டு வகைகளையும் ஒன்றாக்கி ஐந்து நிறம் வைத்தார்கள். விளக்குப் பெட்டியில் நோயாளி வெந்து போகாமலிருக்க உண்டான ஒரு கேள்வித்தாள், வாட்ஸாப்பில் கும்பிடும் கையின் நிறமாகிவிட்டது. நிறத்தைப் பார்த்து ஏமாந்ததால் பிறந்த அட்டவணையை மறுபடியும் நிறப்பட்டியலாக்கியது வேடிக்கைதான். 2022-இல் கூகுள் நிறுவனம், ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க்குடன் சேர்ந்து பத்து நிறங்கள் கொண்ட வேறொரு வரிசையை வெளியிட்டது. அது கேமராவுக்கும் தேடுபொறிக்கும் உதவும். வெயிலைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை.

தமிழர் ஒருவரை உட்காரவைத்து அந்தக் கேள்விகளைக் கேட்டால் முதல் வரியிலேயே தடுக்கும். குளிர்காலம் முடிந்து முதல் வெயில் என்பது இங்கே எப்போது? பாஸ்டனில் டிசம்பர் மாத நண்பகலில் மனிதரின் நிழல் அவரைப் போல் இரு மடங்குக்கு மேல் நீளும்; சூரியன் அவ்வளவு தாழ்ந்து போகிறது. சென்னையில் மார்கழி நண்பகலிலும் நிழல் ஆளைவிடக் குட்டைதான். ஆண்டு முழுவதும் வெயில் பட்டுப் பழகிய தோலிடம் 'முதல் வெயில்' பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? நம்மில் பலருக்குப் பிறந்த நிறம் எது என்றே தெரிய வேண்டுமானால் கைக்கடிகாரப் பட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் இதனால்தான் மேற்கையின் உட்புறத்தில், வெயில் படாத இடத்தில், கருவியை வைத்து நிறத்தை அளக்கிறார்கள். திருமண விளம்பரத்தில் 'மாநிறம்' என்று எழுதிக் கொடுப்பவர்கள் எந்த இடத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பது இந்தச் சொற்பொழிவின் எல்லைக்கு வெளியே.

இருந்தாலும் அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வானிலிருந்து வருவதை அளக்கும் எண்ணோடு சேர்த்தால் அது ஒரு நல்ல கணக்கைத் தரும்.

அந்த எண் கனடாவில் பிறந்தது. ஓசோன் படலம் மெலிவது பற்றி உலகம் கவலைப்பட்டுக்கொண்டிருந்த 1992-இல், அந்நாட்டு வானிலை அறிவியலாளர்கள் அன்றாட வானிலை அறிக்கையோடு புற ஊதாக் குறியீடு ஒன்றையும் சொல்லத் தொடங்கினார்கள். தெளிந்த வானத்தில் கோடை நண்பகல் என்றால் சுமார் 10 வரும்படி அதை அமைத்தார்கள். பின்னர் உலக சுகாதார நிறுவனம் அதைப் பொதுவாக்கியது. 2 வரை கவலையில்லை, 3 முதல் காப்பு தேவை, 8 முதல் மிக அதிகம், 11 முதல் உச்சம். சென்னையிலோ மதுரையிலோ கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது செய்தியே அல்ல. இன்றைக்குக் கைபேசியின் வானிலைப் பக்கத்தில் மழை வாய்ப்புக்குக் கீழே 'யூவி' என்று ஓர் எண் தெரிகிறதே, அதுதான் இது. பலரும் கண்ணில் பட்டும் தாண்டிப் போகிற எண்.

குறியீட்டில் ஒன்று என்பது, தோலைக் கன்றவைக்கும் கதிர் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் விழுவது. குறியீடு 10 என்றால் கால் வாட். சதுர மீட்டருக்கு 100 ஜூல் சேர்ந்தால் அதை ஓர் அலகு என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கால் வாட் வீதம் 100 ஜூல் சேர 400 விநாடி, அதாவது ஏழு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. முதல் வகைத் தோல் கன்ற ஏறக்குறைய 2 அலகு போதும்: குறியீடு 10 உள்ள வெயிலில் 13 நிமிடம். இரண்டாம் வகைக்கு இரண்டரை அலகு, 17 நிமிடம். ஐந்தாம் வகைக்குச் சுமார் 6 அலகு, 40 நிமிடம். ஆறாம் வகைக்குப் 10 அலகு வரை ஆகலாம். ஒரு மணிக்கும் மேல்.

இந்த நிமிடங்களை யாரும் கடிகாரம் பார்த்து நம்பக் கூடாது. ஒரே வகைக்குள்ளேயே ஆளுக்கு ஆள் இரண்டு மடங்கு வேறுபடும்; அடுத்தடுத்த வகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கணக்கு தரையில் கிடத்திய பலகைக்குப் போட்டது, மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். தோளும் மூக்கும் அதிகம் வாங்கும், கன்னம் குறைவாக வாங்கும். கணக்கு பழகாத தோலுக்கானது. தினம் வெயிலில் நிற்பவரின் மேல்தோல் தடித்துக் கறுத்துத் தாங்கும் சக்தி கூடியிருக்கும். இத்தனை திருத்தங்கள் இருந்தாலும் ஒரு விஷயம் அசையாது. சித்திரை மாதத்துத் தெளிந்த நாளில் தமிழ்நாட்டுத் தரையில் விடியலிலிருந்து அந்திவரை விழுவது 50 அலகுக்கும் மேல். எந்தத் தோலையும் கன்றவைக்கும் அளவைப் போல் பல மடங்கு.

அந்த 50-இல் ஒருவர் மேல் எத்தனை விழும் என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. நாற்று நடும் பெண் குனிந்து நிற்கிறார். முகம் தப்பிக்கிறது, பிடரியும் முதுகும் முழுவதையும் வாங்குகின்றன. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாலை வேலை பார்க்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்த அறிக்கையையும் படிக்காமல் செய்த ஏற்பாடு அது, அதைவிடச் சிறந்த யோசனை எந்த அறிக்கையிலும் இல்லை. அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒரு நாளில் கிடைப்பது மிகச் சிறு பங்கு. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிடமும் மதியச் சாப்பாட்டுக்கு நடக்கும் தூரமும்தான். ஆய்வாளர்கள் இதை அளக்கச் சட்டைக் காலரில் பாலிசல்ஃபோன் என்ற படலத் துண்டைக் குத்தி அனுப்புகிறார்கள். புற ஊதாக் கதிர் படப் பட அந்தப் படலம் மாறும். மாலையில் கழற்றி அளந்தால் அன்றைய வரவு தெரியும்.

படலம் இல்லாமலே செய்த ஓர் ஆய்வு இன்றும் இந்தத் துறையில் மெச்சத் தக்கது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செசபீக் விரிகுடா என்று ஒரு பெரிய உப்பங்கழி. நண்டும் சிப்பியும் பிடித்துப் பிழைக்கும் 838 பேரை அங்கே விசாரித்தார்கள். எந்த வயதிலிருந்து எந்தப் படகில், எந்த மாதத்தில் எத்தனை மணி நேரம், தொப்பி போட்டிருந்தாரா, கண்ணாடி போட்டிருந்தாரா என்று ஒவ்வொருவரின் வாழ்நாளையும் கேட்டு, அவர் கண்ணுக்குள் போன புற ஊதாக் கதிரை மதிப்பிட்டார்கள். 1988-இல் முடிவு வெளியானது. அந்த அளவு இரட்டிப்பானால், கண் வில்லையின் ஓரத்திலிருந்து தொடங்கும் ஒரு வகைக் கண்புரை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது.

நம் கடலோரத்துக்கு இந்த ஆய்வு நேரடியாகப் பேசுகிறது. தோல் எந்த வகை என்றாலும் கண்ணின் வில்லைக்கு அதனால் பெரிய காவல் கிடைப்பதில்லை. கட்டுமரத்தில் போகிறவருக்கு மேலிருந்தும் வருகிறது, அலை நுரையிலிருந்தும் திரும்பி வருகிறது. நுரை கால் பங்கைத் திருப்பி அடிக்கும். கண்ணின் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரும் கோளாறு மீனவர்களிடமும் களத்தில் வேலை செய்பவர்களிடமும் அதிகம் காணப்படுவதற்கு வெயிலும் முக்கியக் காரணம். ஆறாம் வகைத் தோல் என்று நிம்மதியாக இருப்பவர் ஒரு தொப்பிக்கும் நல்ல கறுப்புக் கண்ணாடிக்கும் செலவழிப்பதில் தவறில்லை.

இன்னொரு அமெரிக்கர். அவருடைய முகம் உலகெங்கும் தோல் மருத்துவ வகுப்புகளில் காட்டப்படுகிறது. 28 ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர். 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் அவர் படம் வந்தது. வலக் கன்னம் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. இடக் கன்னம் பதினைந்து இருபது ஆண்டு மூத்தவருடையதுபோல் தடித்துத் தொங்கிச் சுருங்கியிருக்கிறது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். சன்னல் கண்ணாடி வழியே வந்த வெயில் இடக் கன்னத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாளும் கன்றியிருக்காது. கன்றவைக்கும் குறுகிய அலைக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 'யூவிஏ' எனும் நீண்ட அலைக் கதிரை விட்டுவிடும். அது ஆழமாக இறங்கித் தோலின் பிடிமான நார்களைக் குலைக்கும். இந்தியாவில் லாரி ஓட்டுபவருக்கு இது வலக் கன்னத்திலும் வலக் கையிலும் நடக்கும்.

கன்றுமா என்ற கேள்வி தவறவிடும் கேடு இது. கருந்தோலில் கன்றல் கண்ணுக்கு எளிதில் தெரியாது. தெரியாததை இல்லை என்று எடுத்துக்கொள்வது எளிது. தோல் சிவக்கும் முன்பே செல்லின் டி.என்.ஏ.வில் சேதம் தொடங்கிவிடுகிறது, எல்லா வகைத் தோலிலும்.

கரிய தோலுக்குக் காவல் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1979-இல் வெளியான அளவீடு ஒன்றில் கறுப்பினத்தாரின் மேல்தோலுக்கு 13.4 என்ற காப்பு எண் கிடைத்தது. வெள்ளையரின் மேல்தோலுக்கு 3.4. கடையில் வாங்கும் சன்ஸ்கிரீன் களிம்பின் 'எஸ்பிஎஃப்' எண்ணைப் போன்றதுதான் இது. கரிய தோல் பிறக்கும்போதே ஒரு களிம்பைப் பூசிக்கொண்டு வருகிறது. இந்தியாவில் பதிவாகும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோய் மிகச் சிறு பங்காக இருப்பதற்கு மெலனின் எனும் தோல் நிறமிதான் முதல் காரணம்.

அந்தக் களிம்பு இல்லாமல் நம் வெயிலைப் போன்ற வெயிலுக்குக் குடிபோனவர்களின் கதை ஆஸ்திரேலியா. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் முதல், இரண்டாம் வகைத் தோலோடு போய் இறங்கினார்கள். இன்று அந்நாட்டில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 1981-இல் ஒரு கடற்காகக் கார்ட்டூனைக் கொண்டு 'சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை' என்று தொலைக்காட்சியில் பாடவைத்தார்கள். பல பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளைக்கு மைதானம் கிடையாது. அங்கே குடியேறிய தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே விதிதான்.

களிம்பு உண்மையிலேயே காக்குமா என்ற சந்தேகத்தையும் அந்த நாடுதான் தீர்த்துவைத்தது. குயின்ஸ்லாந்தின் நாம்பூர் என்ற சிற்றூரில் 1992-இல் 1,621 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் களிம்பு. மறுபாதி வழக்கம்போல், விரும்பினால் மட்டும். நாலரை ஆண்டு முடிவில் ஒரு வகைத் தோல் புற்றுநோய், செதிள் செல் வகை, தினம் பூசியவர்களிடம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. அதன்பின் பத்தாண்டு கவனித்ததில், மெலனோமா எனும் கொடிய வகை தினம் பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் வந்திருந்தது.

ஆஸ்திரேலியக் கணக்கை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து பயமுறுத்திக் களிம்பு விற்பவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையான வியாபாரம் அல்ல. ஐந்தாம் வகைத் தோல்காரருக்கு வெயிலால் வரும் தொல்லைகளின் வரிசை வேறு.

வரிசையின் தலையில் நிற்பது மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்புப் படலமாய்ப் படரும். பெண்களுக்கு அதிகம், கருவுற்ற காலத்தில் இன்னும் அதிகம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மனத்தை அரிக்கும். இதில் புற ஊதாக் கதிர் மட்டும் குற்றவாளி அல்ல. 2010-இல் டெட்ராய்ட்டில் செய்த சோதனையில், கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே நான்கு முதல் ஆறாம் வகைத் தோலை அழுத்தமாகக் கறுக்கவைத்தது. இரண்டாம் வகைத் தோலில் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளையாகவோ நிறமில்லாமலோ இருக்கும் களிம்பு இந்த ஒளியைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்து மண் நிறத்தில் வருவது தடுக்கும். அட்டவணையில் மேலே இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை கீழே இருப்பவர்களுக்கு உண்டு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

அடுத்தது, நாமே வரவழைத்துக்கொள்வது. முகம் வெளுக்கும் என்று எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொள்ளும் வழக்கம் அழகுக் குறிப்புகளின் தயவில் சாகாமல் இருக்கிறது. நம் சந்தையில் கிடைக்கும் உருண்டை எலுமிச்சையின் சாற்றிலும் தோலிலும் இருப்பது கார்போகரிசியின் அதே சொராலன் குடும்பம். தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் கிளம்பும். ஆறிய இடம் மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும். வெளுக்கப் பூசியது கறுக்கவைக்கும். மாத்திரைகளும் இப்படிச் செய்யும். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் தோலை வெயிலுக்குக் கூசவைப்பவை. இவற்றை விழுங்குபவர் தம் தோல் வகையிலிருந்து ஓரிரு படி மேலே ஏறிவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. குடை பிடித்தால் போதும்.

ஒரே வீட்டுக்குள் அட்டவணையின் இரு கோடிகளும் இருப்பதுண்டு. மெலனின் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் கரிய பெற்றோருக்கும் பிறக்கிறார்கள். அந்தப் பிள்ளை முதல் வகை. அயர்லாந்துக் குழந்தைக்குச் சொல்லும் அத்தனை எச்சரிக்கையும், அயர்லாந்தில் இல்லாத வெயிலும் அதற்கு உண்டு. வெண்புள்ளி உள்ளவரின் உடம்பிலேயே திட்டுக்கு ஒரு வகை, மற்ற இடத்துக்கு ஒரு வகை.

வெயிலே படாத இடத்தில் வரும் நோயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், வெயில் கணக்கு அங்கே உதவாது என்பதற்காகவே. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா இருப்பது தெரிந்தது. 1981 மே 11-இல் இறந்தார், வயது 36. கரிய, பழுப்புத் தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருவதே அதிகம். அதற்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை, களிம்பும் தடுக்காது. நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால், உள்ளங்காலில் ஆறாத கரும்புள்ளி வளர்ந்தால், செருப்புக் கடித்தது என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நமக்கு அது தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்குக் காரணம் யாரும் குனிந்து பார்க்காததுதான்.

வெயிலை எதிரியாக்கிவிடவும் முடியாது. வைட்டமின் டி தோலில் உண்டாக அதே குறுகிய அலைக் கதிர் வேண்டும். மெலனின் அங்கேயும் குறுக்கே நிற்கும். கரிய தோலுக்கு அதிக நேரம் பிடிக்கும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே மட்டும் வாழும் நகரத்தாரிடம், இத்தனை வெயில் உள்ள நாட்டில், அந்தக் குறைபாடு பரவலாக இருக்கிறது. கையும் காலும் கொஞ்ச நேரம் வெயில் காண, முகத்தைத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் சமரசம்.

களிம்பு விஷயத்தில் ஒரு சிறு கணக்கு. பெட்டியில் அச்சிட்ட எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. மக்கள் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி, அல்லது அதற்கும் கீழே. சொன்ன அளவில் உடம்பு முழுவதும் ஒருமுறை பூச ஒரு பெரியவருக்கு 30 கிராமுக்கு மேல் வேண்டும். 50 கிராம் குழாய் இரண்டாவது பூச்சுக்கே போதாது. கடற்கரையில் பாதி நாள் கழிக்கும் விடுமுறைக்காரருக்குச் சொன்ன அறிவுரை அது. வயலில் எட்டு மணி நேரம் நிற்பவரிடம் அதைச் சொல்வது கேலி. வெயிலில் வேலை செய்வோர் உலகில் 160 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2019-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டிருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது நிழலும் துணியும் வேலை நேர மாற்றமும். ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் 60 சதவீதம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையே விழுந்துவிடுகிறது. அந்த நான்கு மணி நேரத்தை வேலைக்கணக்கிலிருந்து எடுப்பது முதலாளியின் கையிலும் அரசின் கையிலும் இருக்கிறது, தொழிலாளியின் கையில் இல்லை.

நகரத்தார் மறந்துவிட்ட பொருள் ஒன்று மீண்டும் வரலாம்: கறுப்புக் குடை. 2013-இல் அமெரிக்காவில் சாதாரண மழைக்குடைகளை வெயிலில் விரித்து அளந்தார்கள். எல்லாக் குடைகளும் முக்கால் பங்குக்கு மேல் புற ஊதாக் கதிரைத் தடுத்தன. கறுப்புக் குடைகள் 90 சதவீதத்துக்குக் குறையாமல். தாத்தாக்கள் கையில் இருந்தது அதுதான்.

குடை எப்போது வேண்டும் என்று கேட்டால், கைபேசியும் இல்லாதவர்களுக்கு நிழலே குறியீடு. தன் நிழல் தன்னைவிடக் குட்டையாகிவிட்டால் கதிர் வலுத்துவிட்டது என்று பொருள். சித்திரையில் சென்னையில் இது காலை ஒன்பது மணி வாக்கிலேயே தொடங்கி மாலை மூன்று மணி தாண்டும்வரை நீடிக்கும். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் சென்னையின் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். ஏப்ரலில் பகல் 12 மணி 7 நிமிட வாக்கில், ஆகஸ்டில் 12 மணி 13 நிமிட வாக்கில், நிமிர்த்தி நட்ட கம்புக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று பள்ளிப் பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். அவசியம் பார்க்க வேண்டிய காட்சி. போகிறவர்கள் குடையோடு போகவும்.